கழுவாத கொய்யாப்பழம்

மனிதனின் வாயைப் போல அருவருப்பான ஓர் உறுப்பை நான் கண்டதில்லை. இதை ஒரு பல் வைத்தியர் சொன்னால் மதிப்பு உண்டு. நான் கண்டியில் ஒரு கந்தோரில் கோப்பு தூக்கும் எழுதுவினைஞன். காலையில் கட்டுகஸ்தோட்டையிலிருந்து பஸ் ஏறினால் யன்னலோரத்தில் ஒருவர் வெற்றிலைச் சாற்றை வெளியே துப்புவார். பாதி காற்றோடு உள்ளே திரும்பி வரும். கொண்டக்டர் விரலை நக்கித்தான் டிக்கெட் கிழிப்பார். இவை எல்லாவற்றுக்கும் என்னிடம் இருந்த பதில், ஒரு மூக்குச் சுளிப்பு, ஒரு ‘சீ’, புறங்கையால் காற்றைத் தள்ளிவிடும் ஒரு வீச்சு. கல்யாணம் செய்த புதிதில் என் மனைவி இதைச் சுத்தம் என்று நினைத்துப் பெருமைப்பட்டாள். இப்போது இது ஒரு வருத்தம், வியாதி என்கிறாள்.

இப்படிப்பட்டவனுக்குப் பிறந்த மகள் இரண்டரை வயதாகியும் ஒரு சொல் பேசவில்லை. செருப்பை எடுத்து வா என்றால் சரியான சோடியை எடுத்து வருவாள். அலுமாரியைச் சாத்து என்றால் சாத்துவாள். தனக்கு வேண்டியதை விரலால் காட்டி ‘ம்’ என்பாள். அவ்வளவுதான். மனைவி சமைத்துக்கொண்டே ‘அம்மா, அம்மா’ என்று தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பாள். யாராவது அதைத் திருப்பிச் சொல்ல மாட்டார்களா என்று அந்தக் குரல் ஏங்கும். நான் பகிடி விட்டுச் சமாளிப்பேன். ஆனால் பகல் முழுக்கக் கந்தோரில் யார் யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வீடு வந்து அந்த ‘ம்’மைக் கேட்கும்போது எனக்கும் பகிடி வராது.

பிள்ளை பேசவில்லை என்று தெரிந்ததும் ஊரே வாயைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. பீடி வாய், சொத்தைப் பல் வாய், வடை தின்ற வாய். ஒவ்வொன்றும் அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்று, “ஹலோ சொல்லு, எங்க, ஹலோ சொல்லு” என்று எச்சில் தெறிக்கக் கத்தும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் காலுக்குப் பின்னால் போய்விடுவாள்.

இதில் முதல் பரிசு மனைவியின் அண்ணனுக்கு. கலகெதரயில் கடை வைத்திருக்கிறார். தன் மகனை எங்கள் வீட்டுக் கதிரையில் ஏற்றி நிறுத்தி, “கலர்ஸ் சொல்லு” என்றார். அவன் கைபேசியில் கற்றதை அதே அமெரிக்க மூக்கால் ஒப்பித்தான். ரெட், புளூ, பர்ப்பிள். நாங்கள் கை தட்டினோம். ஒரஞ்சுக்கு வந்ததும் நெளிந்தான். அவசரத்துக்குக் கூப்பிட அவனிடம் ஒரு சொல் இல்லை. கதிரையிலேயே எல்லாம் நடந்து முடிந்தது. சீ. அந்தக் கதிரையில் நான் இன்றுவரை உட்காரவில்லை.

அண்ணன் அசரவில்லை. “நீங்க வீட்ல தமிழு, ரோட்ல சிங்களம்னு பேசினா புள்ள கொழம்பிரும் மச்சான். இங்கிலீஷ் மட்டும் பேசுங்க” என்றார்.

பேசினோம். “பிளீஸ் பாஸ் த சம்பல்” என்று என் வாயால் என் மனைவியிடம் கேட்டேன். அவள் “டேக், டேக்” என்று தள்ளிவிட்டாள். கூரையில் ஓடும் குரங்குகளைப் பார்ப்பது போல மகள் எங்களைப் பார்த்தாள். எனக்கே என்னைப் பார்க்கக் குமட்டியது. சில நாட்களில் விட்டுவிட்டோம்.

பிறகு வைத்தியரிடம் கொண்டு போனோம். யாழ்ப்பாணத்து அம்மா. காதைப் பரிசோதித்தார், பொம்மைகளைக் காட்டினார், விளையாடினார். பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னார்: “பிள்ளைக்கு நல்லாக் கேக்குது, விளங்குது. சில பிள்ளையள் கொஞ்சம் பிந்தித்தான் கதைக்கும். திரும்ப ஒருக்கா கொண்டு வாங்கோ, பாப்பம். ஆனா ‘சொல்லு சொல்லு’ எண்டு ஆக்கினைப்படுத்தாதேங்கோ. சும்மா அவளோட கதையுங்கோ. வீட்டில அடிக்கடி கேக்கிறதுதான் ஒருநாளைக்கு வாயில வரும்.”

எனக்கு ஒரே பெருமை. எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்பது நல்ல தமிழ் அல்லவா.

மனைவிக்கு அது போதவில்லை. எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் வீட்டுச் சொந்தக்காரப் பெண்மணி இருக்கிறார். முஸ்லிம்கள் அக்காவை அழைப்பது போல நாங்களும் அவரை ராத்தா என்போம். அவரிடம் போய் அழுதிருக்கிறாள். ராத்தா வைத்தியம் சொன்னார்.

“கிளி கடிச்ச கொய்யாப்பழம் ஒண்டு குடுங்க தம்பி. எங்கட பின்பக்கத்து மரத்துல நெறய ஈக்கி. பேச்சு தானா வரும்.”

“கிளி கடிச்சதா, வவ்வால் கடிச்சதான்னு எப்படித் தெரியும் ராத்தா?”

“பாத்துக்கிட்டே நிண்டா தெரியும்.”

ஒரு சனிக்கிழமை காலை, படித்த மனிதனான நான், கொய்யா மரத்தடியில் அண்ணாந்து நின்றேன். கிளிகள் வந்தன. கத்தின. இரண்டு தடவை என் தோளில் எச்சமிட்டன. அவை என்ன மொழியில் பேசும் என்று நான் கேட்கவில்லை; கத்திய கத்தலில் அது கந்தோர் மொழி போலத்தான் இருந்தது. கடைசியில் ஒன்று பாதி தின்ற பழத்தை என் காலடியில் போட்டது. குதறிய சதை, எச்சில் ஈரம், ஒட்டிய சேறு, ஓரத்தில் இரண்டு எறும்பு. இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன்.

“கழுவப்படாது தம்பி” என்றார் ராத்தா. “கழுவினா கிளிட பேச்செல்லாம் தண்ணியோட போயிரும்.”

மனைவி மகளை மடியில் வைத்துக்கொண்டு பழத்தை வாயருகே கொண்டுபோனாள். மகள் உதட்டைப் பூட்டிக்கொண்டாள். அந்த உதட்டுக்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன். அவசரப்பட்டுவிட்டேன்.

“நீங்க ஒரு கடி கடிச்சுக் காட்டுங்க. நீங்க தின்னா அவளும் திம்பா” என்றாள் மனைவி.

“நானா?”

“வேற யாரு, கிளியா?”

மனைவியின் கண்ணைப் பார்த்தேன். அதில் பகிடிக்கு இடமில்லை. கடித்தேன். சேறு பல்லில் நறநறத்தது. கொழகொழவென்று ஏதோ நாக்கில் அசைந்தது. அது பழம் என்று இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். துப்பக் கூடாது, பிள்ளை பார்க்கிறாள். வாய் நிறைந்திருந்ததால் என் வழக்கமான சொல்லும் வெளியே வர வழியில்லை. கண்ணில் நீர் முட்ட விழுங்கினேன்.

மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக மூக்கைச் சுளித்தாள். குட்டிப் புறங்கையால் காற்றைத் தள்ளினாள்.

“சீ” என்றாள். பிறகு, நிதானமாக, “சீ அப்பா.”

மனைவி பழத்தைக் கீழே போட்டாள். மகளைக் கட்டிக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தேன்.

“அப்பவே செல்லல்லயா நான்” என்றார் ராத்தா. “கிளிட பழம் கிளிட பழம்தான்.”

“புள்ள தின்னவே இல்லையே ராத்தா.”

“வாப்பா தின்னா என்ன, புள்ள தின்னா என்ன. வேல செஞ்சிரிச்சி.”

அடுத்த ஞாயிறு கலகெதர அண்ணன் வந்தார். மீன் ரோல் தின்ற வாயை அவள் முகத்துக்கு நேரே கொண்டுவந்து, “எங்க, மாமாவுக்கு ஹலோ சொல்லு” என்றார்.

சொன்னாள். மூக்குச் சுளிப்போடு, கை வீச்சோடு, மாமா என்றும் சேர்த்து.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சமையலறையில் மனைவி, “ஐயோ, நல்லாப் பேசுறாளே” என்று ஏதோ பாத்திரத்திடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.