ஓலை அளவில் வளர்ந்த துப்பாக்கி

தாணுமாலயன் ஆசாரிக்கு வெடிச்சத்தம் ஆகாது, தலைவலி வந்துவிடும். இருந்தும் பத்தொன்பது வருஷம் திருவிதாங்கூர்ப் பட்டாளத்தின் மார்ட்டினி துப்பாக்கிகளைப் பழுது பார்த்தே சோறு தின்றார். பட்டாளம் இந்திய ராணுவத்தோடு சேர்ந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, தம்பானூரில் லேத்துப் பட்டறை போட்டார்.

அங்கேதான் பழைய பட்டாளத்து நேசமணி வந்தான். வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இப்போது காவல்காரன். அங்கே ஒற்றைக் கொம்பன் யானை ஒன்று மூன்று பேரைக் கொன்றிருந்தது. சீமையிலிருந்து யானைத் துப்பாக்கி வரவழைக்க லைசென்ஸ் கிடைக்கவில்லை. மார்ட்டினியையே பெரிதாகச் செய்ய முடியுமா என்று மேனேஜர் கேட்டனுப்பியிருந்தார்.

"சுடப்போறது யாரு?"

"நாந்தான். அண்ணாச்சி செஞ்சதுன்னா கண்ண மூடிட்டுச் சுடுவேன்."

"தொறந்தே சுடுலே. உன் குறி தப்புறதுதான் பட்டாளம் பூரா தெரியுமே!"

ஆசாரியின் அப்பா விக்கிரகம் வார்த்தவர். சாமியின் உயரத்துக்குத் தென்னோலையைக் கிழித்து, மடித்து மடித்து முகம், மார்பு, இடை என்று அளவெடுப்பார். பெரிய சாமிக்குப் பெரிய ஓலை, மடிப்பு அதேதான். ஆசாரி துப்பாக்கிக்கும் அப்படியே செய்தார். ஒன்றரை மடங்கு ஓலை, அதே மடிப்பு.

சாமி வளர்ந்தால் யாருக்கும் தொந்தரவில்லை; அவரைத் தோளில் அணைத்து வெடிக்கப்போவதில்லை. துப்பாக்கியோ நீளத்தில் ஒன்றரை மடங்கானபோது கனத்தில் மூன்று மடங்கைத் தாண்டியது.

"இதச் சொமக்கவே ஒரு ஆனை வேணும்" என்றான் நேசமணி.

ஆசாரி கனத்தைச் செதுக்கினார், உதை கூடியது. உதைக்கு ரப்பர் வைத்தார், தோட்டாவைத் தட்டும் ஊசியின் சுருள்வில் சோம்பியது. வில்லைப் புதிதாகச் சுற்றினார். எட்டு மாதம் ஓடியது.

விழிஞ்ஞத்துக் கடற்கரைப் பாறைமேல் மரச்சட்டத்தில் அதைக் கட்டி, கயிற்றை இழுத்துச் சுட்டுப் பார்த்தார்கள். மார்ட்டினியில் ஒரு வெடிக்கு ஒரு தோட்டா. அடியிலுள்ள லீவரைத் தள்ளினால் காலிக்கூடு வெளியே வரும், பிறகுதான் அடுத்தது. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஆசாரி குழலை ஆறவிட்டு, துடைத்து, அளந்து, அதன்பின்தான் லீவரைத் தொட்டார். மூன்று கூடும் சுகமாக வந்தன.

"ரெண்டாவது வெடி சட்டுன்னு போவுமா அண்ணாச்சி? ஆனை நமக்கு லீவு தராது, கேட்டோ."

"மூணும் போச்சில்லா, அது போதும். மிச்சம் நாலு தோட்டாதான் இருக்கு. அது காட்டுக்கு."

அதிலிருந்து மூன்றாவது வாரம் நேசமணி காட்டில் ஒரே ஒரு முறை சுட்டான். யானை விழவில்லை, அவனை நோக்கித் திரும்பியது. வெடித்த சூட்டில் விரிந்த பித்தளைக்கூடு குழலைப் பற்றிக்கொண்டது. சின்ன மார்ட்டினியில் இரண்டு விரல் வலுவுக்கு வந்துவிடும். பெரிதில் பற்றும் பரப்பு இரண்டு மடங்குக்கு மேல். லீவரோ கனத்துக்காகச் செதுக்கப்பட்டு இளைத்திருந்தது. அவன் இழுத்த இழுப்பில் அது வளைந்தது. அதற்குமேல் அவனுக்கு நேரம் இருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து யானையும் ஓடைக்கரையில் செத்துக் கிடந்தது, அந்த ஒற்றைக் குண்டால். மேனேஜர் துப்பாக்கியை ரிப்பேருக்கு அனுப்பியதோடு பாராட்டி ஒரு கடிதமும் எழுதினார். அடுத்த தோட்டத்துக்கும் ஒன்று வேண்டுமாம்.

கடிதத்துக்குப் பிறகு நேசமணியின் மனைவி தாசம்மாள் வந்தாள். பட்டறை வாசலிலேயே நின்றாள்.

"அவிய குறி தப்பினதாலதான் செத்தாவன்னு தோட்டத்து லயத்துல எல்லாரும் சொல்லுதாவ. நெசமா அண்ணாச்சி?"

ஆமாம் என்றால் போதும்; பட்டாளமே சாட்சி சொல்லும். ஆசாரி வளைந்த லீவரைக் கையில் எடுத்தார்.

"குறி தப்பல தாயி. ஒத்த வெடியில ஆனையக் கொன்னுட்டான். ரெண்டாவது வெடி போகாமப் பண்ணினது நாந்தான்."

அவள் அந்த இரும்பையே பார்த்தாள்.

"கவனமில்லாமச் செஞ்சியளா?"

"இல்ல. ரொம்பக் கவனமாச் செஞ்சேன். ஆறவிட்டு, ஆறவிட்டுப் பாத்தேன்."

அவள் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத லயத்துல வந்து சொல்லணும், எல்லார் முன்னாலயும்" என்றாள்.

மேனேஜருக்கு ஆசாரி பதில் எழுதவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸில் வித்துராவுக்கு ஏறினார், துண்டில் சுற்றிய லீவரை மடியில் வைத்துக்கொண்டு.