இந்த அழைப்பு பதிவாகிறது

அத்தானுக்குப் பூச்சி மருந்து அடிக்கிற தொழில். எறும்பு, கரப்பான், கூரைக்குள் எலி, கோடை முடிகையில் வேலியோரம் கூடு கட்டும் குளவி. இந்த வெளிநாட்டு நகரின் மேற்கு ஓரத்தில், ஹென்டர்சனில் ஒரேயொரு வான் வண்டியோடு தொடங்கினார். நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர்ந்தபோது அக்காவும் அவரும் தங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் எனக்கு ஓர் அறை தந்தார்கள். அறையோடு சேர்த்துத் தொழிலின் போனையும் தந்தார்கள்.

அது ஒரு பழைய கைபேசி. வானின் இரண்டு பக்கமும் அதன் எண்தான் எழுதியிருந்தது. சமைக்கும்போது தோளுக்கும் காதுக்கும் நடுவே அதை வைத்துக்கொண்டு வெங்காயம் வெட்டுவேன். தேவாலயத்தில் நற்கருணைக்கு வரிசையில் நிற்கும்போது அது பையில் அதிரும். வெளியே ஓடிப்போய்ப் பேசிவிட்டு வருவேன். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் பின்பக்கக் கதவால் போகவேண்டும் என்பதெல்லாம் என் தலைக்குள்தான் இருந்தது. எனக்குக் காய்ச்சல் வந்து ஏழு நாளும் படுத்த ஒரு கிழமை, அத்தான் ஒரே தெருவுக்கு மூன்று தடவை போய்வந்தார். அந்தக் கிழமைதான் அவர் ‘சிஸ்டம்’ வாங்குவதென்று முடிவு செய்திருக்க வேண்டும்.

நகரின் வடக்கே ஆல்பனியில் அலுவலகம் வைத்திருந்த ஒருவர் அதை விற்க வந்தார். தமிழ்நாட்டுக்காரர், நரை விழுந்தவர், பொறுமையாகப் பேசுவார். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

“மேடம், இனிமே போன் உங்க பைக்குள்ள இருக்காது. இன்டர்நெட்ல இருக்கும். நீங்க எடுக்கலேன்னா சார் எடுக்கலாம், வண்டியில போறவங்க எடுக்கலாம். யாருமே எடுக்கலேன்னா, ‘இதோ கூப்பிடுறோம்’னு அதுவே ஒரு மெசேஜ் போட்டுடும். யாரு கூப்பிடுறாங்க, போன தடவை என்ன மருந்து அடிச்சோம், எல்லாம் ஸ்கிரீன்ல வந்து நிக்கும்.”

“எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அதுக்கும் தெரியுமோ?” என்று கேட்டேன்.

“ஆமா. நீங்க சொல்லிக் குடுத்தா தெரிஞ்சுக்கும்.”

குளிர்காலம் முழுவதும் சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொரு வீட்டையும் நினைவிலிருந்து எடுத்துத் தட்டச்சு செய்தேன். அழைப்பவர்கள் முதலில் கேட்கும் முகப்புக் குரலையும் நானே பதிந்தேன். வணக்கம் சொல்லி, இந்த அழைப்பு பதிவு செய்யப்படலாம் என்று முடியும். என் ஆங்கிலம் அதில் நன்றாக இருந்ததாக எனக்குப் பட்டது.

பொய் சொல்லக்கூடாது, அந்தச் சிஸ்டம் எங்களைத் தூக்கி நிறுத்தியது. மருந்து அடித்து ஒரு வருடமானால் வீட்டுக்காரருக்கு அதுவே நினைவூட்டும். நாங்கள் மறந்துபோனவர்களும் எங்களை மறந்துபோனவர்களும் திரும்பி வந்தார்கள். முன்பெல்லாம் நான் எடுக்கத் தவறிய அழைப்பு வேறு கம்பெனிக்குப் போய்விடும்; இப்போது அது நின்றது. வான் ஓட்டுபவர் வாசலில் இறங்க முன்பே நாயைப் பற்றி அவருடைய கைபேசி சொல்லிவிடும். இரண்டாவது வான் வந்தது, அடுத்த கோடைக்குள் மூன்றாவதும் வந்தது. எனக்கும் ஒரு லாபம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்புகள் தாமாகவே குரல் பதிவுப் பெட்டிக்குப் போயின. நான் பாடகர் குழுவில் சேர்ந்தேன். பாதிப் பாட்டில் வெளியே ஓட வேண்டியிருக்கவில்லை.

பதிவான அழைப்புகளை அத்தான் கேட்கிறார் என்பது எனக்கு மெல்லத்தான் தெரியவந்தது. மற்றவர்கள் வானில் ரேடியோ கேட்பதுபோல அவர் என்னைக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார். மாலையில் வந்து திருத்துவார்.

“நீர் ஏன் எல்லாத்துக்கும் ‘ஐ ஆம் சொறி’ சொல்லுறீர்? எலி வந்தது உம்மட பிழையே?”

பிறகு அதை விருந்தினருக்கும் காட்டத் தொடங்கினார். ஒரு நாள் சாப்பிட வந்திருந்த குடும்பத்துக்கு முன்னால், குளவிக்கு நான் ‘வாஸ்ப்’ என்று சொல்லும் விதத்தைக் கைபேசியில் போட்டுக் காட்டினார். அவர்கள் மரியாதைக்குச் சிரித்தார்கள். அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன்.

அந்த நாட்களில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி அடிக்கடி எங்களுக்கு அழைப்பு எடுப்பாள். ஹென்டர்சனில் ஓடைக்குப் பக்கத்தில், பலகை வீட்டில் தனியாக இருந்தவள். கூரைக்குள் எலி ஓடுகிறது என்பாள். ஆள் போய்ப் பார்த்தால் எலியும் இல்லை, புழுக்கையும் இல்லை. அவளுக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நான் பேசினேன். ஓட்டையிருந்தால் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்து விடுங்கள், எங்கள் ஆள் வரத் தேவையில்லை என்றும் சொல்லியிருந்தேன்.

சிஸ்டத்தில் வாடிக்கையாளர்களுக்கு நிறம் கொடுக்கலாம். நல்லவர்களுக்குப் பச்சை. அத்தான் கிழவிக்குச் சிவப்பு கொடுத்தார். சிவப்பு எண்ணிலிருந்து வந்தால் எங்கள் பக்கம் மணி அடிக்காது. நேரே பதிவுப் பெட்டிக்குப் போய்விடும்.

“எங்களுக்கு நேரம் மிச்சம்,” என்றார்.

அது உண்மைதான். ஆனால் அவள் அங்கே விட்டுவைக்கும் வார்த்தைகளை நான்தான் கேட்டு அழிக்க வேண்டியிருந்தது. “நான்தான். எலிக்காக இல்லை” என்று ஒரு தடவை சொல்லியிருந்தாள். அன்று மத்தியானம் நானே அவளுக்கு எடுத்தேன். பிறகு அது பழக்கமாகிவிட்டது. அவள் தன் புருஷனைப் பற்றிச் சொல்வாள், நான் என்னைப் பற்றிச் சொல்வேன். இந்த நாட்டில் என்னிடம் அப்படிக் கேள்வி கேட்டவர் வேறு யாரும் இல்லை. வரும் அழைப்புகளைப் போலவே, தொழிலின் எண்ணிலிருந்து போகும் அழைப்புகளும் பதிவாகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அது என் எண்ணத்தில் வரவேயில்லை.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து பார்க்கையில் என் கைபேசியில் இருந்த சிஸ்டம் கடவுச்சொல் கேட்டது. போட்டேன், ஏற்கவில்லை. ஏதோ புதுப்பிக்கிறார்களாக்கும் என்று விட்டுவிட்டேன். அன்று நண்டுக் கறி. மூன்று பேரும் சாப்பிட்டோம். கை கழுவிவிட்டு வந்ததும் அத்தான் இருக்கச் சொன்னார்.

“ஒரு விசயம் கேக்கோணும். சிஸ்டத்தில சொல்லுகளைப் போட்டுத் தேடலாம், தெரியுமே? கதைக்கிறதெல்லாத்தையும் அது எழுதி வைக்குது. நான் சும்மா ‘சிஸ்டர்’ எண்டு அடிச்சுப் பாத்தனான்.”

கைபேசியை மேசையில் வைத்து அழுத்தினார். சுவரோரம் இருந்த பெரிய ஸ்பீக்கரிலிருந்து என் குரல் வந்தது. கிழவியிடம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா என்னை வைத்திருப்பது வெளியாளைவிட நான் மலிவு என்பதால். அக்கா முன்பு இப்படி இல்லை. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் துக்கமாக இருக்கக்கூடாது.

கிழவி, “பாவம் அவள்” என்றாள். “ஓம், பாவம்தான்” என்று, ‘ஓம்’ மட்டும் தமிழிலும் மற்றது ஆங்கிலத்திலுமாக நான் சொன்னது கேட்டது. அத்தோடு நிறுத்தினார்.

அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. நண்டு ஓடு குவிந்த தட்டைத்தான் பார்த்தேன்.

“இன்னொருக்காப் போடுங்கோ,” என்றாள் அக்கா.

“காணும், விடு,” என்று அத்தான் தடுத்தார்.

“போடுங்கோ எண்டுறன். அவ கேக்கட்டும்.”

மறுபடியும் போட்டார். இந்தத் தடவை, நான் ‘பேபிஸ்’ என்று சொன்ன இடத்தில் அக்கா என்னைப் பார்த்துத் தானும் சேர்ந்து சொன்னாள், என் உச்சரிப்பிலேயே.

“என்ர பிள்ளையளைப் பற்றி ஒரு எலிக்காரிக்குச் சொன்னனீ. என்னட்டை வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கிறியே? ஆஸ்பத்திரிக்கு வந்தனீ, சூப் கொண்டு வந்தனீ. ஒரு வார்த்தை கேட்டனியே?”

“நீ கதைக்க விரும்பேல்லை எண்டு நினைச்சன், அக்கா.”

“அந்தக் கிழவி விரும்பினவளாக்கும்.”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னை எழுந்து நிற்கவிடாமல் செய்தது. அத்தான் அதற்குள் தொழில் பேசத் தொடங்கிவிட்டார். நாளையிலிருந்து நான் போன் எடுக்க வேண்டாமாம். இரண்டு கிழமைக்குள் அறையைக் காலி செய்தால் நல்லதாம்.

“அப்ப போனை ஆர் பாப்பினம்?” என்று கேட்டேன். கேட்டதற்குப் பிறகுதான் அது எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்று தெரிந்தது.

“உம்மட தலைக்குள்ள இருந்ததெல்லாம் இப்ப சிஸ்டத்தில இருக்கு. ஆரும் பாக்கலாம்,” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

பாடகர் குழுவில் பக்கத்தில் நின்று பாடும் ஒருத்தி பாட்டனி டவுன்ஸில் தன் வீட்டில் ஓர் அறை தந்தாள். நகரின் மறு கோடி. கிழவிக்குச் சொல்லாமல் வந்துவிட்டேன் என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. அவளுடைய எண் என்னிடம் இல்லை. அது சிஸ்டத்துக்குள் இருந்தது. அத்தானிடம் கேட்கலாமென்று தொழிலின் எண்ணுக்கு எடுத்தேன். என் குரல் எனக்கு வணக்கம் சொன்னது. ஒரு மணிகூட அடிக்காமல் நேரே பதிவுப் பெட்டிக்குப் போனது. நானும் சிவப்பாகிவிட்டேன் என்று விளங்கியது.

ஒரு சனிக்கிழமை பஸ்ஸிலும் பிறகு ரயிலிலுமாக ஹென்டர்சனுக்குப் போனேன். முகவரி எனக்கு மறக்கவில்லை. கதவைத் திறந்தவள் நான் நினைத்ததைவிடக் குள்ளம். என் முகம் அவளுக்குத் தெரியாது. பேசத் தொடங்கியதும் குரலை அடையாளம் கண்டுகொண்டாள்.

“இந்த முறை உண்மையாகவே எலி வந்தது,” என்றாள். “சுவருக்குள் செத்து நாறியது. எத்தனை தடவை எடுத்தேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் நீ வணக்கம் சொல்கிறாய், பிறகு யாருமில்லை.”

“நான் இப்போது அங்கே வேலை செய்யவில்லை.”

“நேற்றுக்கூட எடுத்தேன். உன் குரல்தான் வந்தது. என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் நேரே சொல்லியிருக்கலாம்.”

அது பதிவு செய்த குரல் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், நம்பவில்லை. வேறு கம்பெனி வந்து செய்துவிட்டது, நன்றி என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். உள்ளே சங்கிலி போடும் சத்தம் கேட்டது.

பாட்டனி டவுன்ஸில் ஒரு பல் வைத்திய நிலையத்தில் வேலை கிடைத்தது. டாக்டர் மலேசியத் தமிழ்ப் பெண். நேரம் எடுத்துவிட்டு வராமல் விடும் நோயாளிகளால் நொந்துபோயிருந்தார். அத்தானிடம் பழகிய வேலையெல்லாம் எனக்கு அங்கே சோறு போட்டது. அதே மாதிரி ஒரு சிஸ்டத்தை நானே வைத்துக் கொடுத்தேன். முந்தின நாளே நினைவூட்டும், வர முடியாதென்றால் ஒரு பொத்தான், யாராவது விலகினால் காத்திருப்பவர்களுக்கு அந்த நேரம் தானாகவே போகும். டாக்டரின் நாற்காலி வெறுமையாக இருப்பது அநேகமாக நின்றேபோனது. “முன்னாடியே நீ வந்திருக்கணும்லா,” என்பார்.

அக்காவும் அத்தானும் நான் இருந்த கிழக்குப் பக்கத்திலேயே புது வீடு வாங்கிவிட்டார்கள் என்று தேவாலயத்தில் கேள்விப்பட்டிருந்தேன். போன மழைக்காலத்தில் ஒரு காலை, திரையில் ஒரு எண் வந்தது. புதிய நோயாளி என்று சிஸ்டம் சொன்னது. எனக்கு அந்த எண் மனப்பாடம்.

நிலையத்தின் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னேன்.  பிறகு அக்கா ஆங்கிலத்தில், முன்பின் தெரியாதவரிடம் பேசுவதுபோல, பல் வலிக்கிறது, நேரம் வேண்டும் என்றாள்.

“முன்பு எங்களிடம் வந்திருக்கிறீர்களா?” என்று நானும் ஆங்கிலத்தில் கேட்டேன்.

“இல்லை.”

பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னேன். சொன்னாள். பிறந்த தேதி கேட்டேன். பாஸ்போர்ட்டில் உள்ள பிழையான தேதியைச் சொன்னாள்; அதையே பதிந்தேன். குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை வியாதி?

“அம்மாவுக்கு இருந்தது.”

“சரி,” என்றேன். எங்கள் அம்மாவுக்கு.

அடுத்து எக்ஸ்ரேக்கான கேள்வி. அக்காவின் வயதில் இருப்பவர்களிடம் நான் அதைக் கேட்பதில்லை, தாண்டிப் போய்விடுவேன். திரையில் அது என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

“நீங்கள் இப்போது கர்ப்பமாக இருக்கிறீர்களா, அல்லது இருக்கக்கூடுமா?”

 அவளுக்குப் பின்னால் எங்கோ ஒரு கேத்தல் கொதித்து அணைந்தது.

“இல்லை,” என்றாள்.

வெள்ளிக்கிழமை காலைக்கு நேரம் கொடுத்தேன். உறுதி செய்யக் குறுஞ்செய்தி வரும் என்றேன். நன்றி சொன்னாள். நானும் நன்றி சொன்னேன். யார் முதலில் வைத்தோம் என்று தெரியவில்லை.

வியாழன் மத்தியானம் அவள் விலகல் பொத்தானை அழுத்தியிருந்தாள். காரணம் கேட்கும் இடத்தில் ‘வேறு’ என்பதைத் தேர்ந்திருந்தாள். நான் தேநீர் போட்டுக்கொண்டு வந்து உட்காருவதற்குள், காத்திருந்தவர்களில் ஒருவர் அந்த வெள்ளிக்கிழமை நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டார். டாக்டருக்கு அன்று ஒரு நிமிடமும் வீண்போகவில்லை.