பொத்தான் மேல் வைத்த சந்தனம்

எங்கள் ஈப்போ அலுவலகத்தில் சரஸ்வதி பூசையன்று கணினிகளுக்குப் பொட்டு வைப்பது என் வேலை. போன வருடம் என் கணினிக்கு மட்டும் சந்தனத்தைத் தாராளமாகக் குழைத்து, அதை இயக்கும் பொத்தானின் மேலேயே அப்பிவிட்டேன்.

மறுநாள் பொத்தானை அழுத்தினேன். கணினி ஓடத் தொடங்கி, நான்கைந்து நொடியில் அணைந்துபோனது. பிறகு என்ன செய்தும் வரவில்லை.

அன்று காலையில் மேசைகளைத் துடைத்தவர் லெட்சுமி அக்கா. வேலை செய்த ரப்பர் தோட்டத்தை மூடியபின் ஈப்போவுக்கு வந்து துப்புரவு வேலை பார்ப்பவர்.

"அக்கா, தண்ணிய ஊத்திட்டீங்களா?"

"இல்லம்மா, காஞ்ச துணியிலதான் தொடச்சேன்."

நான் நம்பவில்லை. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "நாளையிலேருந்து வரவேணாம்னு சொல்லிரு" என்றார். அதையும் நானே சொன்னேன்.

மூன்றாம் நாள் கணினியைப் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அதைத் திறக்கக்கூட இல்லை. பொத்தானைத் தொட்டுப் பார்த்தார்.

"பொத்தான் உள்ளயே மாட்டிக்கிச்சுலா. அழுத்துனபடியே இருந்தா தானா அணைஞ்சிரும்" என்று பல் குத்தும் குச்சியால் சுற்றிலும் சுரண்டினார். காய்ந்த சந்தனம் மஞ்சள் தூளாக உதிர்ந்தது. கணினி ஓடியது. "இத நீங்களே செஞ்சிருக்கலாமே, அக்கா."

அன்று மாலை லெட்சுமி அக்காவுக்குப் போன் செய்தேன். நான் பேசுமுன் அவரே கேட்டார்.

"கம்ப்யூட்டர் நல்லாயிருச்சாம்மா? என் கை ஈரம் பட்டுருக்குமோன்னு மனசே சரியில்லம்மா."

"நல்லாயிருச்சுக்கா" என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது வேறோர் அலுவலகத்தில் துடைக்கிறாராம். அங்கே கணினி இருக்கும் மேசையைத் தொடவே பயப்படுகிறாராம்.