இடம் பத்தாத வரி

தொலைக்காட்சித் திரையின் அடியில் ஓடும் செய்தி வரியை எழுதியே அவருக்குப் பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. அலுவலகத்தில் அவர் பெயரே 'அடிவரி'.

அன்று மதியம், போரில் ஒரு பள்ளிக்கூடம் தரைமட்டமானது. "பள்ளிக்கூடத்தின் மீது விமானம் குண்டு வீசி முப்பத்தொரு குழந்தைகளைக் கொன்றது" என்று தட்டினார்.

செய்தி ஆசிரியர் பின்னால் வந்து நின்றார். "இவ்ளோ நீளமா? எடம் பத்தாதுங்க. '31 பேர் பலி'ன்னு போடுங்க."

"கொழந்தைங்க சார். பலின்னா, யாரு யாருக்குக் குடுத்தது?"

"அதெல்லாம் விவாதத்துல பேசிக்குவாங்க."

திரையில் நான்கு பேர் விவாதம் என்ற பெயரில் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை என்ற சொல் எந்த வாயிலிருந்தும் வரவில்லை. அடிவரி பல்லைக் கடித்துக்கொண்டு வரியை வெட்டினார்.

விளம்பர இடைவேளையில் செய்தி ஆசிரியர் மறுபடி ஓடி வந்தார். "விவாதத்துல இருக்குற அந்தக் கண்ணாடிக்காரர் குதிக்கிறாரு. பேருக்குக் கீழ வெறும் 'ஆய்வாளர்'னு போட்டுட்டீங்களாம். 'மூத்த அரசியல், ராணுவ மற்றும் சர்வதேச உறவுகள் ஆய்வாளர்'னு முழுசா போடுங்க."

"எடம்?"

"எழுத்தைப் பொடிசாக்கி எப்படியாவது நுழைச்சுடுங்க சார்!"

முழுசாக நுழைந்தது. அதற்குக் கீழே முப்பத்தொரு குழந்தைகள் வெறும் 'பேர்' ஆகி ஓடிக்கொண்டிருந்தார்கள்.