தசம் நாலு மில்லிகிராம்

மிளகாய்த்தூள் போத்தலின் மூடிமேல் ஞானசுந்தரத்தின் உள்ளங்கை குடைபோலக் கவிந்திருக்கிறது. அடுப்பில் மீன்குழம்பு கொதிக்கிறது. தூள் இன்னும் விழவில்லை.

"அண்ணை, குழம்பு வத்துது," என்கிறான் வாமதேவன். பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பல் பகுதியில் ஐந்தாம் மாடி அறையை அவரோடு பங்கிட்டுக்கொள்பவன். ரூ காய் தெருவில் ஓர் உணவகத்தில் சமையல் வேலை.

"வத்தட்டும். குளிர்ப்பெட்டியாலை எடுத்து அரை மணித்தியாலம் ஆகேல்லை. இப்ப திறந்தால் காத்திலை இருக்கிற ஈரம் முழுக்க உள்ளுக்கை இறங்கும். பிறகு கட்டிதான்."

"நான் கடையிலை அறுவது பேருக்குச் சமைக்கிறன். அங்கை ஒருத்தரும் தூளை மறியலிலை பூட்டி வைக்கிறேல்லை."

"அது சாப்பிடுற ஆக்களின்ரை தலைவிதி."

தூள், யாழ்ப்பாணத்திலிருந்து மனைவி சாரதாதேவி அனுப்பியது. இந்தக் கவனமெல்லாம் மனைவிமேல் உள்ள பிரியத்தால் என்றுதான் வாமதேவன் முதலில் நினைத்தான். ரூ காயில் வாங்கிய கறிவேப்பிலைக்கும் அதே அரை மணி நேரம் என்று தெரிந்தபின் அந்த எண்ணத்தைக் கைவிட்டான்.

ஞானசுந்தரம் வேலை செய்வது ஓர் ஆய்வுகூடத்தில். அங்கே பெப்டைடுகளுக்கு அவரே காவல். பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகைக் குளிரில், விரல்நுனி அளவுக் குப்பிகளின் அடியில், ஊதினால் பறந்துவிடுவதுபோல் கொஞ்சம் வெள்ளைப்பொடி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏழெட்டு மாத உழைப்பு. வெளியே எடுத்த குப்பி அறைச் சூட்டுக்கு வரும்வரை அதை எவரும் திறக்கக்கூடாது. கரைக்கும்போது குலுக்கக்கூடாது, தூங்கும் பிள்ளையைத் தோள் மாற்றுவதுபோல் சாய்த்து நிமிர்த்த வேண்டும். கரைத்ததை உறையவிட்டு, உருக்கி, மறுபடி உறையவிட்டால் கெடும் என்பதால் சின்னச் சின்னக் குழாய்களில் பிரித்து வைப்பார். பெயரும் தேதியும் இல்லாத குப்பியைக் கண்டால், அநாதைப் பிணத்தைக் கண்டவர்போல் நின்றுவிடுவார்.

"மணி கோத்த மாதிரி அமினோ அமிலத்தைக் கோத்தால் பெப்டைட்," என்று வாமதேவனுக்கு விளக்குவார். "நீளமாக் கோத்தால் புரதம். அந்த நூலை அறுக்கிறதுக்கெண்டே உம்முடைய விரலிலை ஆக்கள் இருக்கினம். அதாலைதான் கையுறை."

"முழங்காலுக்குக் கொஞ்சம் கிடைக்குமோ, அண்ணை?"

"இது மருந்தில்லை, ஆராய்ச்சிக்கு மட்டும். எலிக்கே இன்னும் குடுக்கேல்லை. வரிசையிலை உமக்கு முன்னாலை எலி நிக்குது."

ரொபேர் என்ற இளம் ஆய்வாளனின் தாடிக்குத் துணிப்பை கட்டவைத்தவரும் இவர்தான். பிரெஞ்சில் இலக்கணம் வராது. கட்டளை நன்றாக வரும். "ரொபேர், தாடி," என்பார். ரொபேர் பையைத் தேடுவான்.

எண்பத்தாறாம் ஆண்டு மார்ச்சில் அவருடைய தற்காலிக ஒப்பந்தம் ஒரு வெள்ளிக்கிழமை முடிவதாக இருந்தது. நிரந்தர வேலைக் கடிதம் கையில் இல்லாமல் மனைவியை அழைக்கும் விண்ணப்பம் நகராது என்று வதிவிட அனுமதி தரும் பிரிபெக்சர் அலுவலக வரிசையில் நின்றவர்கள் சொல்லியிருந்தார்கள். கடிதத்தில் கையெழுத்திட வேண்டியவர் ஆய்வுகூடத் தலைவி ஜிஸ்லேன்; புதுச்சேரிக் கத்தோலிக்கர்.

அதற்கு முதல் நாள் வியாழன் காலை, ஞானசுந்தரம் ஒரு புதுப் பெப்டைடைக் கண்ணாடித் தட்டில் கொட்டித் தராசில் வைத்தார். ஐந்து மில்லிகிராம் எதிர்பார்த்தார்கள். ஐந்து தசம் நாலு காட்டியது.

"அஞ்சு வந்தாலே பெரிசுன்னு இருந்தேன்," என்றார் ஜிஸ்லேன். "உங்க கைராசி, முசியே."

மதியம் கைகழுவப் போன இடத்தில் ஞானசுந்தரம் கண்ணாடியைப் பார்த்தார். காலையில் இழுத்த மூன்று திருநீற்றுக் கோடுகளில் நடுக்கோட்டில் எள்ளளவு இடைவெளி.

தராசின்மேல் குனிந்தது நினைவு வந்தது. ரொபேரின் தாடி, ஜிஸ்லேனின் தலைமுடி, ஜன்னல் தூசி எல்லாவற்றையும் யோசித்தவருக்கு நெற்றி மட்டும் தோன்றவே இல்லை. அது அவருக்குத் தோலாகவும் பட்டதில்லை, தூசியாகவும் பட்டதில்லை.

திரும்பிப் போய்ப் பூதக்கண்ணாடியால் தட்டைப் பார்த்தார். வெள்ளைக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு துகள். நாளை மாலைவரை வாய் திறக்காவிட்டால் கையெழுத்து விழுந்துவிடும். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார், மூடினார். பிறகு ஜிஸ்லேனின் அறைக்குப் போனார். ரொபேரும் அங்கே இருந்தான்.

"மதாம், அந்த அஞ்சு தசம் நாலிலை அஞ்சுதான் உங்கடை."

"மீதி?"

"சிவபெருமான்ரை."

ஜிஸ்லேன் விழித்தார். ஞானசுந்தரம் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

"விபூதியா?"

"ஓம். பசுஞ்சாணி. நல்லாச் சுட்டது."

ஜிஸ்லேன் அதை ரொபேருக்குப் பிரெஞ்சில் சொன்னார். ரொபேர் தாடிப்பையைக் கழற்றி, நான்காக மடித்து, ஞானசுந்தரத்தின் முன்னால் மேசைமேல் வைத்தான்.

"எங்களுக்கு வருஷத்துல ஒரு நாள்தான் நெத்தியில சாம்பல்," என்றார் ஜிஸ்லேன். "உங்களுக்குத் தினமும். சரி. என் பெப்டைடுக்கும் பூசணுமா?"

"பிழைதான், மதாம். சொல்லாமல் விட்டால் நீங்கள் போடுற கணக்கெல்லாம் பிழைச்சுப்போம்."

"மறுபடி சுத்தம் பண்ண ரெண்டு வாரம். அதுல கொஞ்சம் போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும்."

"கையேயில எழுதுங்க. நீங்களே எழுதுங்க."

கையே என்ற ஆய்வுக் குறிப்பேட்டில் தேதி, மணி, நிறை எல்லாம் எழுதினார். கலப்படம் எங்கிருந்து என்ற இடத்தில் 'உதவியாளரின் நெற்றி' என்று எழுதி அடிக்கோடிட்டார்.

அன்றிரவு மிளகாய்த்தூளை எடுத்தவுடன் திறக்க வாமதேவனை விட்டுவிட்டார். வாமதேவன் பயந்துபோனான்.

வெள்ளி மாலை ஜிஸ்லேன் கூப்பிட்டார். மேசைமேல் கடிதம், அவருடைய கையெழுத்து ஏற்கெனவே விழுந்திருந்தது.

"ரெண்டு வாரத்துல மறுபடி நிறுக்கணும். ஆள் வேணுமில்ல?" பேனாவை நீட்டினார். "கீழ கையெழுத்து போடுங்க, முசியே."

ஞானசுந்தரம் பேனாவை வாங்கிக்கொண்டு காகிதத்தின்மேல் பாதி குனிந்தவர் நிமிர்ந்தார். சுட்டுவிரலால் வெறும் நெற்றியை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வழித்தார். விரலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு குனிந்தார்.