சேமிப்பது நல்லது

சுகாசினிக்குக் காலையிலிருந்து ஒரு வாய் சோறு இறங்கவில்லை. காந்தி ரோட்டு மாடி ஒன்றில், தறிமேல் மாட்டி, புடவையில் உருவங்களை விழவைக்கும் டிசைன் பெட்டிக்கு மென்பொருள் செய்யும் சின்னக் கம்பெனியில் வேலை. பெட்டியின் திரையில் வரும் தமிழ் வரி அத்தனையும் இவள் எழுதியது. ஒரு வரியை நாலு தடவை திருத்தாமல் அனுப்பமாட்டாள். ஆனாலும் நெசவாளர்கள் எல்லாம் அப்பா வயசுக்காரர்கள், அவர்களுக்கு உத்தரவு போடலாமா என்று கூச்சம். அதனால், 'அணைக்கும் முன் நெய்த இடத்தைச் சேமிப்பது நல்லது' என்று எழுதிவிட்டாள். மரியாதையாம் மரியாதை!

நெசவாளர் குமாரவேல் வீட்டில் காதுகுத்து. சேமிக்காமலே பெட்டியை அணைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்துப் போட்டால், பெட்டி முதல் இழையிலிருந்து ஆரம்பித்துவிட்டது. மயிலுக்குக் கழுத்து வரவேண்டிய இடத்தில் மறுபடியும் கால். கல்யாணப் புடவை வேறு.

காலையில் கேள்விப்பட்டதும் சுகாசினி அவர் வீட்டுக்கு ஓடினாள். அவர் மனைவி மங்கையர்க்கரசி குனிந்து, நெய்ததை இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லதுன்னுதானே போட்டிருந்துச்சு? கட்டாயம்னு போடலியேம்மா" என்றார் குமாரவேல்.

"தப்பு என்னுதுங்க" என்றாள் சுகாசினி. அழுகை முட்டியது.

அழ நேரமில்லை. மறுநாள் அமாவாசை, ஊரில் தறி ஓடாது. இன்று சாயங்காலமே பெட்டி வைத்திருக்கும் நாற்பது வீட்டிலும் பெட்டியை அணைத்துவிடுவார்கள். முதலாளி உமாபதிக்குப் போன் போட்டு, வரியை மாற்றி இப்போதே அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

"அதட்டற மாதிரி எழுதாதம்மா. கோச்சிக்கினு பெட்டிய திருப்பிக் குடுத்துட்டா? அமாவாசை போவட்டும், பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

குமாரவேல் வீட்டு வாசலுக்கும் தெருவுக்குமாக நடந்தாள். மணி நாலேகால். 'சேமிக்கவும்' போதுமா? போதாது, ஏன் என்று சொல்ல வேண்டும். கடைசியில் வாசற்படியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள்.

'சேமிக்காமல் அணைக்காதீர்கள். அணைத்தால் டிசைன் முதலிலிருந்து தொடங்கும். நெய்ததைப் பிரிக்க நேரிடும்.'

கண்ணை மூடிக்கொண்டு நாற்பது பெட்டிக்கும் அனுப்பினாள். வேலை போனால் போகட்டும்.

பத்து நிமிஷத்தில் போன். பாலாஜி என்கிற நெசவாளர், கோபக்கார மனுஷர்.

"யாரும்மா நீ? முப்பது வருசமா நெய்றேன், எனக்கே அணைக்காதன்னு சொல்றியா?"

"மன்னிச்சிடுங்க. சேமிச்சீங்களா?"

"சேமிச்சிட்டுதான்மா திட்டறேன்!"

அவர் திட்டிக்கொண்டே இருந்தார். சுகாசினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் திட்டுங்க" என்றாள்.