தனியாக வரச் சொன்ன குரல்

அப்போது எங்கள் காப்பி எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் பாய் கடைக்குத்தான் போன் வரும். ஒருநாள் எனக்கு வந்தது. தெரியாத ஆண் குரல்.

"உங்க ஊட்டுக்காரரு சேலத்துல பஸ்ஸுல அடிபட்டுட்டாருங்க. ஆபரேசனுக்குப் பணம் வேணுமுங்க, ஆள் அனுப்பறோம், ஏற்காடு பஸ் ஸ்டாண்டுல தாலிக்கொடியக் குடுத்துடுங்க. யாருகிட்டயும் சொல்லாம தனியா வாங்க."

உடனே கிளம்பத்தான் நினைத்தேன். ஆனாலும் அந்தத் 'தனியா' உறுத்தியது. எங்கள் லைனில் ஒருவருக்கு அடிபட்டால் அத்தனை வீடும் கூட ஓடும்.

"வர்றேனுங்க, லைனே கூட வருதுங்க" என்றேன். பட்டென்று போனை வைத்துவிட்டான்.

விடவில்லை. காப்பி பறித்த கையோடு பெண்கள் எல்லோரும் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றோம். ஒருவனும் வரவில்லை. சாயங்கால பஸ்ஸில் சேலம் போயிருந்த என் வீட்டுக்காரர்தான் தக்காளிப் பையோடு இறங்கினார்.

யாரிடமும் சொல்லாதே என்று எவன் சொன்னாலும், இன்றும் முதலில் ஊருக்கே சொல்லிவிடுகிறேன்.